நாற்பது குளிப்பு

பெற்ற தாயின் கைக்கு எடிசனில் நாற்பத்தைந்து டாலர் விலை. அது ஒரு வேளைக்கு. வெந்நீரும் எண்ணெயும் வீட்டுக்காரர் பொறுப்பு. கையும் காலும் மட்டும் பத்மராணியுடையவை. நாற்பது நாளைக்கு மொத்தமாகப் பேசினால் நாற்பது டாலருக்கு இறங்குவாள். அதற்குக் கீழே இறங்கியதாக ஓக் ட்ரீ சாலையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஊரிலிருந்து அம்மா வந்துவிட்டால் பத்மராணிக்கு அந்த வீட்டில் வேலை கிடையாது. விசா கிடைக்காத அம்மாக்கள், முழங்கால் போன அம்மாக்கள், மூத்த மகளுக்குப் பார்த்ததிலேயே களைத்துப்போன அம்மாக்கள், இவர்களால்தான் அவள் பிழைப்பு ஓடிற்று. பச்சைக் குழந்தையை நீட்டிய கால்கள்மேல் போட்டு எண்ணெய் தேய்த்து, தலைக்கு ஊற்றி, துவட்டி, தூங்கவைத்துவிட்டுப் போவது தொழில். தொழில் நன்றாகவே நடந்தது.

எடிசனில் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் என்று கணக்கு. அதில் பாதிக்குப் பக்கம் ஆசியாவிலிருந்து வந்தவர்கள், அல்லது வந்தவர்களுக்குப் பிறந்தவர்கள். பல்பு செய்தவரின் பெயரை வைத்துக்கொண்ட ஊர். அவர் வேலை பார்த்த இடத்தில் ஒரு கோபுரம் கட்டி, உச்சியில் பெரிய பல்பு ஒன்றை மாட்டி வைத்திருக்கிறார்கள். பெரிய நகரம் என்று சொன்னால் பக்கத்திலிருக்கும் நியூயார்க் சிரிக்கும். சின்ன ஊர் என்று சொல்லலாமென்றால் வீட்டு வாடகை இடம் கொடுக்காது. விடிந்ததும் ரயிலேறி மன்ஹாட்டனுக்குப் போகிறவர்கள், திரும்பி வந்து தூங்குவதற்காக வைத்திருக்கும் ஊர். பகலில் அதைக் காவல் காப்பது கடைக்காரர்களும் ஓய்வு பெற்றவர்களும் கைக்குழந்தைகளும்தான்.

அந்தப் பகல் ஊர் பத்மராணிக்குத் தலைகீழ்ப் பாடம். ஓக் ட்ரீ சாலைக்கு வடக்கே குஜராத்திகள். குழந்தைக்குக் கடலைமாவு கேட்பார்கள். புதிதாக எழும்பிய டவுன்ஹவுஸ்களில் தெலுங்குக்காரர்கள். நல்லெண்ணெய் தவிர வேறு எதையும் தொடவிட மாட்டார்கள். இருபத்தேழாம் நம்பர் சாலையோரம் செங்கல் அபார்ட்மென்டுகளில் தமிழர்கள். எண்ணெயை அவள் இஷ்டத்துக்கு விட்டுவிட்டு விலையில் மட்டும் கவனமாக இருப்பார்கள். மத்தியானத்துக்குள் மூன்று வீடு முடித்துவிட்டுக் கார் கதவைத் திறக்கும்போது கையில் மூன்று மாநிலத்து வாசனை இருக்கும். குளிர் காற்றில் ஒருதரம் மோந்துவிட்டுத்தான் கையுறை போடுவாள்.

அவளுடைய ஊர் பருத்தித்துறைப் பக்கம். வந்து இருபத்தேழு வருடம். புருஷன் தியாகராஜா பெட்ரோல் பங்கில் வேலை. இந்த மாநிலத்தில் அவரவர் காருக்கு அவரவர் பெட்ரோல் அடிக்கக் கூடாது, ஆள் வைத்துத்தான் அடிக்க வேண்டும் என்று சட்டம். "அந்தச் சட்டம் கிடக்குமட்டும் எங்கட வீட்டில அடுப்பு எரியும்" என்பாள்.

பிப்ரவரி ஒன்றாம் தேதி, பெயரில்லாத ஒரு குழந்தையை அவள் குளிப்பாட்டப் போனாள்.

வீடு இரண்டாம் மாடியில், ரயில் பாதைக்குப் பின்னால். அகிலனும் வான்மதியும் ஈரோட்டுப் பக்கத்துக்காரர்கள். அகிலன் மென்பொருள் கம்பெனியில். வான்மதியும் படித்தவள்தான், ஆனால் அவளுடைய விசா புருஷனின் விசாவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. வேலைக்குப் போக அனுமதி இல்லை. பிரசவத்துக்கு அவளுடைய அம்மா சாந்தி வருவதாக ஏற்பாடு. சென்னைத் தூதரகத்தில் இரண்டு தடவை கேட்டு இரண்டு தடவையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கேள்வி மூன்று நிமிஷம், அழுகை இரண்டு நாள். ஜனவரி இருபத்தொன்றில் ஆண் குழந்தை பிறந்தது. தொப்புள்கொடி விழுந்ததும் பத்மராணிக்குப் போன் வந்தது.

விலை பேசியது அகிலன் அல்ல. ஈரோட்டிலிருந்து அவனுடைய அப்பா நஞ்சப்பன், வாட்ஸ்அப்பில். மஞ்சள் மண்டியில் நாற்பது வருடம் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசிய மனிதர். போனில் துண்டு போட முடியாததால் குரலை உயர்த்தினார்.

"ஏனுங்கம்மா, ஒரு தடவ தண்ணி ஊத்த நாப்பத்தஞ்சு டாலருங்களா? எங்கூரு காசுக்கு நாலாயிரத்த ஒட்டி வருதுங்க. அதுக்கு இங்க ஒரு ஆட்டுக்குட்டியே வாங்கிப் போடலாமுங்க."

"வாங்குங்கோ அண்ணை. அதைக் குளிக்க வார்க்க மட்டும் என்னைக் கூப்பிடாதேங்கோ."

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. "முப்பதுன்னு வெச்சுக்குங்க."

பத்மராணி கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். எதிராளியைப் பேசவைக்க அதைவிட நல்ல வழி கிடையாது.

"செரி, முப்பத்தஞ்சு. லைன்ல இருக்கீங்களா?"

"நாப்பது நாளைக்கும் எண்டா நாப்பது. அதோட பிள்ளைப் பெத்தவளுக்குக் கிழமையில ரெண்டு நாள் சரக்கும் நான் கொண்டந்து தருவன்."

"சரக்குங்களா!" நஞ்சப்பன் அலறினார். "கைப்பிள்ளக்காரிக்கா?"

"அப்பா, அது மொளகு, மல்லி, மஞ்சள் எல்லாம் அரைச்ச கொழம்பாம்ப்பா" என்றான் அகிலன், சிரிப்பை அடக்கி.

"மஞ்சளா? அப்ப அத முதல்லயே சொல்லக்கூடாதா? நாப்பதுன்னே இருக்கட்டுமுங்க."

குளியலறை சின்னது. தொட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் முக்காலி போட்டு, சேலையைத் தூக்கிச் செருகி, பத்மராணி கால்களை நீட்டி உட்கார்ந்தாள். கூடத்துப் புகை அலாரத்துக்கு முதலிலேயே ஒரு ஷவர் தொப்பி மாட்டியாகிவிட்டது. பிறகு சாம்பிராணி போடும்போது தீயணைப்பு வண்டி வரக்கூடாது. வாளியில் வெந்நீர் நிரம்ப நிரம்பக் கண்ணாடி மறைந்தது, பிறகு ஓடுகள், பிறகு கதவு. ஆவிக்குள் எடிசன் இல்லை, பனி இல்லை. ஒரு மங்கல் விளக்கும் ஒரு குழந்தையும் ஒரு ஜோடி கால்களும் மட்டும் மிதந்தன.

"ஆன்ட்டி, மூக்குல எண்ணெய் விட வேண்டாம்னு டாக்டர் சொன்னாங்க" என்றாள் வான்மதி கதவருகிலிருந்து.

"விடமாட்டன் பிள்ளை. டொக்டர்மாரோட சண்டை பிடிக்க எனக்கு நேரமில்லை."

உள்ளங்கையில் எண்ணெயைச் சூடு பண்ணி மார்பில் குறுக்காக இழுத்தாள். கையை மடக்கி நீட்டினாள். காலை வயிற்றோடு சேர்த்து அழுத்தி விட்டாள். அழுதுகொண்டிருந்த குழந்தை ஏதோ ஞாபகம் வந்ததுபோல் நிறுத்தி, கண்ணை அகலத் திறந்து ஆவியைப் பார்த்தது. ஒன்பது மாதம் இருந்த இடம் இப்படித்தான் வெதுவெதுவென்று, ஓரம் தெரியாமல் இருந்திருக்கும் போல.

"காலுக்கு நீளம், கைக்கு நீளம், ஆயுசுக்கு நீளம்." ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சொம்பு. "என்ன பேர் சொல்லி வார்க்க? பேரென்ன பிள்ளை?"

"இன்னும் வெக்கலீங்க ஆன்ட்டி. மாமா பூ கேக்கோணும்னு சொல்லியிருக்காரு."

அது அவர்கள் பக்கத்து வழக்கம். குலதெய்வத்தின் முன்னால் ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ வைத்து, மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். ஆஸ்பத்திரியில் ஒரு அம்மாள் படிவத்தோடு வந்து பெயர் கேட்டபோது அகிலன் ஈரோட்டுக்குப் போன் போட்டான். "சாமி குடுக்காத பேர எழுதிராத" என்றார் அப்பா. பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று அந்த அம்மாளும் சொன்னாள். ஆகையால் பிறப்புப் பதிவில் அப்பா பெயர் இருந்தது, அம்மா பெயர் இருந்தது, பிள்ளையின் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது.

குளித்த குழந்தை நான்கு மணி நேரம் தூங்கியது. வான்மதியும் தூங்கினாள். இருபதடி தள்ளி மன்ஹாட்டன் ரயில் போன சத்தம் அந்தத் தூக்கத்தில் ஒரு மடிப்பைப் போல விழுந்து கலைந்தது.

மூன்றாவது நாள் கதவுக்குப் பின்னால் ஒரு அட்டைப் பெட்டி இருந்தது. தட்டையான பெட்டி. உள்ளே மெத்தைபோல் பஞ்சு, மேலே திரும்பி அனுப்ப வேண்டிய முகவரி. அகிலன் அதைக் குழந்தையின் தள்ளுவண்டிக்குப் பின்னால் நகர்த்தினான். பத்மராணி பூட்ஸைக் கழற்றியபடியே பார்த்தாள். இந்த வாரம் அவள் பார்க்கும் மூன்றாவது பெட்டி.

"தம்பி, லேப்டாப்பைக் கெதியா அனுப்பிப்போடுங்கோ" என்றாள் மெதுவாக. "பிந்தினா அந்தக் காசையும் கடைசிச் சம்பளத்தில வெட்டுவாங்கள்."

அகிலன் தலை நிமிரவில்லை. "வானுக்குத் தெரியாதுங்க ஆன்ட்டி. பேட்டர்னிட்டி லீவுன்னு நெனச்சுட்டு இருக்கா. லீவுல இருக்கறப்பவே வேலை போச்சுன்னு மெயில் வந்துருச்சு."

"எத்தினை நாள்?"

"எட்டு."

"அப்ப அம்பத்திரண்டு கிடக்கு."

"உங்களுக்கு எப்படி ஆன்ட்டி இதெல்லாம்..."

"பகலில வீட்டில நிக்கிற ஆம்பிளையளை எண்ணினாப் போதும் தம்பி. எந்தக் கம்பெனி என்ன நிலமையெண்டு எனக்குத் தெரியும். முந்தி ஒரு வீட்டில ஆம்பிளை கதவு திறந்தா அதிசயம். இந்த வருஷம் பொம்பிளை திறந்தாத்தான் அதிசயம்."

அவர்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஹீட்டர். ஹீட்டருக்குப் பக்கத்தில் தொட்டில். தொட்டிலில் ஒரு குழந்தை மானிட்டர். அதன் மறுமுனை படுக்கையறையில் வான்மதியின் தலைமாட்டில். குழந்தையின் முனகல்கூடக் கேட்கும் என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள்.

வான்மதி வெளியே வந்தாள். முடி கலைந்திருந்தது.

"எட்டு நாளாங்க?"

"நீ கொஞ்சம் தூங்கட்டும்னுதான் வானு..."

"நான் எங்கீங்க தூங்குனேன்? மூணு மணிக்கெல்லாம் உங்களோட உக்காந்து டயபர் மாத்தீட்டுத்தான இருந்தேன்? அப்ப ஒரு வார்த்தை சொல்ல முடியலையா?" அழவில்லை அவள். தொட்டிலிலிருந்த குழந்தையை எடுத்துப் பத்மராணியிடம் கொடுத்தாள். "நீங்க குளிப்பாட்டுங்க ஆன்ட்டி. தண்ணி ஆறிரும்."

அன்று வக்கீலோடு அரைமணி நேரம் போனில் பேசினார்கள். விஷயம் எளிது. அறுபது நாளைக்குள் புது வேலை கிடைத்து, அந்தக் கம்பெனி விசாவுக்கு மனுப் போட்டால் இருக்கலாம். இல்லையென்றால் புறப்பட வேண்டும். புறப்பட வேண்டியவர்கள் பெற்றவர்கள் இருவர் மட்டுமே. பிள்ளை இந்த ஊர்க்காரன். எண்பது வயது வரையிலும் இருக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அவனையும் கூட்டிக்கொண்டு போவதென்றால் அவனுக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட் வேண்டும், தாத்தா ஊருக்குள் நுழைய இந்திய விசா வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்று வேண்டும். சான்றில் பெயர் வேண்டும்.

"வேலை கெடைச்சா இருப்போம், கெடைக்கலைன்னா போவோம்" என்றாள் வான்மதி. "எதுன்னாலும் மூணு பேரும் சேர்ந்து. முதல்ல மாமாகிட்டப் பேர் கேளுங்க."

முதல் வெள்ளிக்கிழமை நஞ்சப்பன் தன்னுடைய அப்பா பெயரை நினைத்துப் பூக் கேட்டார். கோபாலசாமி. சிவப்பு வந்தது. அடுத்த செவ்வாய், சிவராமகிருஷ்ணன். சிவப்பு. "சரி, உங்க காலத்துப் பேராவே போகட்டும்" என்று அதற்கடுத்த செவ்வாய் ஆர்யன் என்று கேட்டார். அதுவும் சிவப்பு.

"சாமி ஒத்துக்க மாட்டேங்குது கண்ணு. அவசரப்படாத. வர்ற அமாவாச கழியட்டும்."

"அப்பா, பாஸ்போர்ட்டுக்கு நாள் ஆகும்ப்பா. நாங்க கெளம்ப வேண்டி வந்துட்டா?"

"கெளம்பறதப் பத்தி இப்ப எதுக்குடா பேசற? வேலயப் பாரு நீ."

அகிலன் வேலையைப் பார்த்தான். அதாவது, வேலை தேடும் வேலையை. காலையில் சட்டை மட்டும் இஸ்திரி போட்டு, கீழே பைஜாமாவோடு, படுக்கையறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து தன்னைப் பற்றி அந்நியர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். நூற்றிருபது இடத்தில் அப்ளை பண்ணியதில் ஆறு பேர் பதில் போட்டார்கள். வெளியே பனி விழுந்து, உருகி, கறுத்து, மறுபடி விழுந்தது. எந்த நாள் என்ன கிழமை என்று வீட்டில் யாருக்கும் நிச்சயமில்லை. பாலுக்கும் தூக்கத்துக்கும் நடுவே நாட்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. பத்தரை மணிக்குப் பத்மராணி கதவைத் தட்டும்போதுதான் புதிதாக ஒரு நாள் தொடங்கியதாகத் தெரியும். அவள் சரக்குக் கறியின் மூடியைத் திறந்ததும் மிளகு வாசனை பரவி, வான்மதி தட்டில் சூடாகச் சோற்றைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள்.

மூன்றாவது சிவப்புக்கு மறுநாள் பத்மராணி குழந்தையின் காதோரம் எண்ணெய் வழித்தபடி கேட்டாள்.

"ஏன் பிள்ளை, தன்ர அப்பன்ர பேரை வைக்கிறதுக்கு ஒருத்தர் சாமியிட்டைக் கேக்கிறார். சாமி வேண்டாமெண்டு சொல்லுமே?"

"எனக்கும் அதுதாங்க ஆன்ட்டி புரியல."

"பொட்டலம் மடிக்கிறது ஆர்?"

"மாமாவேதான்."

பத்மராணி "ம்" என்றாள். ஒரு சொம்பு அதிகம் ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமை வந்தபோது அவள் பையில் கார்னேஷன் பூக்கள் இருந்தன. காதலர் தினம் முடிந்ததால் சூப்பர் மார்க்கெட்டில் பாதி விலை. "உங்கட சாமி ஈரோட்டில மட்டுமே இருக்கிறார்? கொஞ்சம் இஞ்சையும் கேட்டுப் பாப்பம்" என்றாள். சமையலறைப் பேப்பரில் இரண்டு பொட்டலம் மடித்தாள். வான்மதி தலைக்குக் குளித்து, ரைஸ் குக்கர்மேல் போனைச் சாய்த்து, மாமனாரை வீடியோவில் கூப்பிட்டாள். ஈரோட்டில் இரவு ஒன்பது தாண்டியிருந்தது. நஞ்சப்பன் சாப்பிட்டு முடித்து ஈரக்கையோடு வந்தார். படுக்கையறைக் கதவு மூடியிருந்தது. உள்ளே அகிலனுக்கு இன்டர்வியூ. ஆகையால் எல்லோரும் மெதுவான குரலில் பேசினார்கள். அதனாலேயே அந்தச் சமையலறைக்குக் கோயில் மாதிரி ஒரு அமைதி வந்துவிட்டது.

"மாமா, ஷ்ரேயஸ்னு நெனச்சுக் கேக்கறேனுங்க. வெள்ளை வந்தா வெச்சிருவேன்."

"அங்க கேட்டாச் செல்லாது அம்மிணி."

"அவன் இங்கதானுங்க பொறந்தான்."

வான்மதி கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பேப்பரைப் பிரித்தாள். வெள்ளை. அவள் முகம் அப்படியே மலர்ந்தது. இரண்டு வாரத்துக்கு மேலாக அந்த வீட்டில் யாரும் அப்படி ஒரு முகத்தைப் பார்க்கவில்லை.

"வந்துருச்சுங்க மாமா!"

"கண்ணு," என்றார் நஞ்சப்பன். "அந்த இன்னொரு பொட்டலத்தையும் சித்தப் பிரிச்சுக் காட்டு."

வான்மதி பிரித்தாள். அதுவும் வெள்ளை.

பத்மராணி பாத்திரம் கழுவும் தொட்டியில் ஏதோ இருப்பதுபோல் எட்டிப் பார்த்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போன் முன்னால் வந்தாள்.

"நான்தான் அண்ணை. பிள்ளைக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியுமுங்க. மண்டியில நாப்பது வருசம் மூட்டைக்குள்ள கைய விட்டுப் பாத்தவனுங்க நான். மேல நல்ல மஞ்சள், அடியில என்னன்னு."

"சந்தோசம். அப்ப நானும் ஒண்டு கேக்கிறன். உங்கட பொட்டலத்தில அடியில என்ன இருந்தது?"

ஈரோட்டில் ஒரு ஸ்கூட்டர் போகும் சத்தம் கேட்டது. நஞ்சப்பன் துண்டால் வாயைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"ரெண்டுலயும் செவப்புதானுங்க" என்றார்.

வான்மதி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "ஏனுங்க மாமா?"

"பேரில்லீன்னா பாஸ்போர்ட் இல்லீன்னு அகிலு சொன்னான். பச்சப் பிள்ளைக்குக் காயிதம் இல்லாதப்ப பெத்தவங்களப் போன்னு எந்தக் கவர்மென்ட்டும் சொல்லாதுன்னு நெனச்சேன் கண்ணு. வெல ஏறாதப்ப, தராசு ரிப்பேருன்னு சொல்லி ரெண்டு நாள் சரக்க நிறுத்தி வெப்போம். அது மாதிரிதான். அவனுக்கு ஒரு வேல தகையற வரைக்கும்." குரல் இறங்கியது. "ஆறு வருசமா அங்க காலூனி நின்னவன். இங்க வந்தா, ஏண்டா வந்தேன்னு ஊரே கேக்கும். அவன் பதில் சொல்ல மாட்டான். சின்னதுல இருந்தே அவனுக்குப் பதில் சொல்ல வராது."

மூடிய கதவுக்கு அந்தப்பக்கம் அகிலன் ஆங்கிலத்தில் நிறுத்தாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

வான்மதி இரண்டு வெள்ளைப் பூவையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "பிள்ளைய விட்டுட்டுப் போன்னு இவங்க சொல்ல மாட்டாங்க மாமா. எங்களப் போன்னு மட்டும் சொல்லுவாங்க. காயிதம் இல்லாத பிள்ளைய வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றதுங்கறது எங்க பாடு. உங்க தராசு இங்க செல்லாதுங்க."

"தெரியாம பண்ணிப்போட்டேன் அம்மிணி."

"சரி, பேருக்கு வாங்க. ஷ்ரேயஸ்."

"அது என்ன பேரு, நாக்கு சுளுக்கிக்கும் போல இருக்குது. கோபாலசாமின்னா என்ன கொறச்சல்?"

"முன்னாடி ஷ்ரேயஸ். நடுவுல கோபாலசாமி. கடைசில உங்க பையன் பேரு. இதுக்கு மேல நான் எறங்க மாட்டேன்."

நஞ்சப்பன் அவளை உற்றுப் பார்த்தார். மெதுவாக மீசைக்குக் கீழே சிரிப்பு வந்தது. "உங்கப்பன் வாத்தியாரு. உனக்கு எங்கிருந்து கண்ணு இந்த ஏவாரம் வந்துச்சு? செரி, முடிச்சுக்க."

"ரெண்டு சாமியும் ஒத்துக்கொண்டிட்டினம்" என்றாள் பத்மராணி. "தண்ணி கொதிக்குது. நான் போறன்."

கதவைத் திறந்து அகிலன் வந்தான். மேலே வெள்ளைச் சட்டை, கீழே பைஜாமா. "டெக்சாஸ் கம்பெனி. அடுத்த ரவுண்டு கூப்பிடறாங்க" என்றான். பிறகு ரைஸ் குக்கர்மேல் இருந்த அப்பாவையும் மேசையிலிருந்த பூக்களையும் பார்த்து, "இங்க என்ன நடந்துச்சு?" என்றான்.

"பேர் வெச்சாச்சுங்க" என்றாள் வான்மதி.

டவுன்ஷிப் அலுவலகத்தில் நீள நகம் வளர்த்த ஒரு பெண் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டுத் தட்டினாள். ஒரு நிமிஷத்து வேலை. ஒரு மாதமாக நின்றிருந்தது. பாஸ்போர்ட் படத்துக்குக் குழந்தை கண்ணைத் திறந்திருக்க வேண்டும் என்று சட்டம். குளித்தால் தூங்கிவிடுவான் என்பதால் அன்றைக்குக் குளிப்புக்கு முன்பே வெள்ளைத் துணிமேல் போட்டு நாற்பத்தொரு படம் எடுத்தார்கள்; ஒன்று தேறியது. வேலை வந்தால் வரட்டும் என்று, அறுபதில் ஐம்பத்தாறாம் நாளுக்கு டிக்கெட் போட்டார்கள். அந்த டிக்கெட்டைக் காட்டி நியூயார்க்கில் அவசரப் பாஸ்போர்ட் வாங்கினார்கள். இந்திய விசாவில் பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்டிருந்த இடத்தில் அகிலன் சுற்றுலா என்று போட்டான். நஞ்சப்பனிடம் சொன்னபோது, "வரட்டும், மண்டியச் சுத்திக் காட்டறேன்" என்றார்.

நாற்பதாவது குளிப்பு மார்ச் பன்னிரண்டில். அன்று பனி இல்லை. ஆவியும் நெடுநேரம் நிற்கவில்லை, ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். குழந்தையின் தொடையில் மடிப்பு விழுந்திருந்தது. "காலுக்கு நீளம், கைக்கு நீளம்" என்று பத்மராணி ஊற்ற ஊற்ற, அவன் தண்ணீரை உதைத்தான். துவட்டி, புகை காட்டி, வான்மதியின் மடியில் போட்டுவிட்டு அவள் கூடத்துக்கு வந்தபோது அகிலன் மேசையில் ஒரு உறையைப் பிரித்து வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருந்தான். டெக்சாஸ் பதில் இன்னும் வரவில்லை. இது வேறு தபால். பெயர் இல்லை, இந்த முகவரியில் இருப்பவருக்கு என்று மட்டும்.

"என்ன தம்பி, வரிக் கடிதமோ?"

"இல்லீங்க ஆன்ட்டி. அரசாங்கத்து சர்வே. இந்த ஊர்ல யார் யார் இருக்காங்க, என்ன பாஷை பேசறாங்க, எப்படி வேலைக்குப் போறாங்கன்னு. ஊருக்கு இவ்வளவு ஜனத்தொகைன்னு போடறதெல்லாம் இதை வெச்சுத்தான் போல." காகிதத்தைத் திருப்பினான். "முதல் கேள்விலயே மாட்டிக்கிட்டேன். ரெண்டு மாசத்துக்கு மேல இந்த வீட்டுல தங்கறவங்களை மட்டும் எண்ணணுமாம்."

"பதினோரு நாள்ல டிக்கெட்" என்றாள் வான்மதி.

"அதான். நம்மள எப்படிப் போடறது? இவன் பொறந்தே ரெண்டு மாசம் ஆகல."

"அப்ப வீட்டுல யாருமே இல்லைன்னு எழுதுவீங்களா?"

"தப்பா எழுதி நாளைக்கு விசால ஏதாச்சும் பிரச்சனை வந்தா..."

பத்மராணி கோட்டை மாட்டிக்கொண்டே கேட்டாள். "தம்பி, இண்டைக்கு இந்த வீட்டில எத்தினை பேர் குளிச்சது?"

"நான் இன்னும் குளிக்கலீங்க ஆன்ட்டி."

வான்மதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மடியிலிருந்த குழந்தை அந்தக் குலுக்கலில் ஒருதரம் கண் விழித்து, மறுபடி மூடிக்கொண்டது. அவள் அவனை அகிலனின் தோளில் மாற்றிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுப் பேனாவை எடுத்தாள். ஒவ்வொரு வரியாக, அழுத்தி எழுதினாள்.

முதல் ஆள், அகிலன்: இந்த ஊரில் ஆறு வருடம். இரண்டாம் ஆள், வான்மதி: மூன்று வருடம். மூன்றாம் ஆள், ஷ்ரேயஸ் கோபாலசாமி அகிலன்: ஐம்பத்தொரு நாள். மொத்தம் என்ற கட்டத்தில் மூன்று.

அறுபதில் நாற்பத்தைந்து போக, பாக்கி பதினைந்து. அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.